உப்புப் பூத்த நெற்றி

என் மகளின் நெற்றியில் உப்பை நான் முதலில் பார்த்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். மாசி மாதம்; வெயில் இன்னும் தன் வேலையைத் தொடங்கியிருக்கவில்லை. தூளியிலிருந்து தூக்கினேன். புருவத்துக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, வெள்ளையாக ஒரு கோடு. விரல் பட்டதும் நறநறத்தது. பவுடர் திரண்டிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன்.

"பவுடர் இல்லைங்க அது," என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்தே. "வேர்வை காஞ்சு கெடக்கு. நானும் எத்தன வாட்டி சொல்றேன், இவளுக்கு முத்தம் குடுத்தா கருவாட்ட நக்குன மாதிரி இருக்குன்னு. நீங்கதான் சிரிக்கிறீங்க."

சிரித்தேன்தான். உறவுக்காரர்களும் சிரித்தார்கள். ஒரு டாக்டரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். வீட்டில் அது ஒரு செல்லப் பெயராகவே ஆகிவிட்டிருந்தது: நாகப்பட்டினத்துக் கருவாடு. ஒரு நோய் தன் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வந்து நின்றது. நாங்கள் அதைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

சிரிக்க முடியாதது எடை. பிறந்தபோது மூன்று கிலோ. ஒரு வயதை நெருங்கியபோது ஆறு. ஆறைத் தொடுவாள், சளி பிடிக்கும், ஐந்தே முக்காலுக்கு இறங்குவாள், மறுபடி ஆறு. சாப்பிடாத குழந்தை என்று சொல்ல முடியாது. பால், பருப்புச் சோறு, எங்கள் தட்டில் இருப்பது, தரையில் சிந்தியது, எல்லாவற்றுக்கும் வாயைத் திறப்பாள். தின்றது அப்படியே வெளியே போகும். எண்ணெய் மினுங்க, துணியில் ஒட்டிக்கொண்டு, எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகாமல். கூடவே இருமல். அது அவளைவிட வயதான இருமல். 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்றார் ஒரு டாக்டர். எங்கள் பக்கத்தில் எடை ஏறாத குழந்தை எல்லாவற்றுக்கும் வைக்கிற பெயர். ஆறு மாதம் காசநோய் மாத்திரை. நாட்டு வைத்தியர் ஒருவர் 'மாந்தம்' என்றார், பாலையும் நெய்யையும் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். கால்கள் இன்னும் குச்சியாயின. வயிறு மட்டும் முன்னால் வந்தது.

எனக்கு வேலை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், பட்டியல் எழுத்தர். விவசாயிகள் கொண்டுவந்து குவிக்கும் நெல்லுக்கு ஈரம் பார்த்து, தூற்றி, சாக்கில் பிடித்து, எடை போட்டு, எழுதுகிற இடம். நாள் முழுக்கத் தராசின் முன்னால் உட்கார்ந்திருப்பேன். மூட்டை மூட்டையாக எடை என் முன்னால் ஏறி இறங்கிப் போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால் கை ஏமாறும். படி ஒன்று குறைவாக இருக்கும் என்று தெரியாமல் காலை வைப்பது போல.

அந்த மாசியில் ஒரு நாள், நான்கு நாளாக நெல்லைக் குவித்துக் காவல் கிடந்த குத்தகை விவசாயி ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்ன சார், எங்க நெல்லுல ஈரம் பாக்குற மிஷின உங்க கண்ணுல வெச்சா கடைசி நம்பரைக் காட்டும் போலருக்கே."

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லைங்க. எடை ஏற மாட்டேங்குது."

"கேட்டீங்களா கதைய," என்று பின்னால் நின்றவர்களிடம் திரும்பினார். "ஊருக்கே எடை போடுற மனுசன். அவரு வூட்டுல எடை நிக்கலயாம். எல்லாம் நம்ம வவுத்தெரிச்சல்தான்."

சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மட்டும் என் மேஜை அருகே வந்து குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். வெயில்ல கெடந்தா வாய் அப்படித்தான் வரும். கும்மோணத்துப் பக்கத்துல பெருமாள் இருக்காருல்ல, உப்பில்லாம சாப்புடுறவரு. ஒரு மண்டலம் வூட்ல உப்ப விடறேன்னு வேண்டிக்குங்க. எங்க அண்ணன் மவ அப்படித்தான் தேறுனா."

அந்தப் பெருமாளை எங்கள் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அவருக்கு ஆகும் தளிகையில் உப்புச் சேர்ப்பதில்லை. பிரசாதம் வாங்கி வாயில் போட்டால் முதலில் நாக்கு திகைக்கும், பிறகு எப்படியோ அதுவே ருசியாகும். ஆனால் வேண்டுதல் ஒன்றுக்காக மட்டும் நான் உப்பை விட்டிருக்க மாட்டேன். நான் அத்தனை பக்திமான் இல்லை. என்னைத் தள்ளியது எனக்குத் தெரிந்த மண்.

கடல் உள்ளே வந்துபோன பிறகு, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே என் அக்காள் வீட்டு நிலம் வெளுத்துக் கிடந்தது. காய்ந்த சேற்றின் மேல் உப்புப் பூத்திருந்தது. நாற்று நட்டால் நுனி கருகிற்று. இளவயதில் இரண்டு வருஷம் அங்கே போய்க் கிடந்தேன். ஜிப்சம் இறைத்தோம். தக்கைப்பூண்டு விதைத்து, பசுந்தாள் உரமாக மடக்கி உழுதோம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நல்ல தண்ணீரைத் தேக்கினோம், வடித்தோம், மறுபடி தேக்கினோம், வடித்தோம். மூன்றாம் போகத்தில் பயிர் பச்சை பிடித்தபோது அக்காள் வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மேலே உப்புப் பூத்தால் உள்ளே உப்பு மிஞ்சிவிட்டது, நல்ல தண்ணீர் விட்டு அலசு. டெல்டாவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

குழந்தையின் நெற்றியிலும் அதே வெள்ளை. வேறு எப்படி நினைப்பேன்?

பங்குனி முடிகிற சமயம் கோயிலுக்குப் போய் நின்று சொன்னேன்: நாற்பத்தெட்டு நாள் எங்கள் அடுப்பில் உப்பு ஏறாது, இவள் உடம்பு தேறட்டும். வீட்டுக்கு வந்து உப்பு ஜாடியை நானே கழுவிக் கவிழ்த்தேன். அதோடு நிற்கவில்லை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் புகட்டச் சொன்னேன். நான் வீட்டிலிருந்தால் நானே புகட்டுவேன். தேக்கி, வடித்து. இந்தச் சொற்களை நான் மனைவியிடம் சொல்லவில்லை. எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது வாரத்தில் மனைவி கேட்டாள், "எனக்கே நாக்கு செத்துப்போச்சு. புள்ளைக்கு மட்டும் ஒரு கல்லு போடட்டுமா?"

"வேண்டிக்கிட்டா எல்லாருக்கும்தான்."

"அவ என்ன வேண்டிக்கிட்டா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மூன்றாவது வாரத்தில் குழந்தை தன் அம்மாவின் கழுத்தை நக்கத் தொடங்கினாள். தூக்கினால் முகத்தைப் பதித்துக்கொண்டு வேர்வையை நக்குவாள். பிறகு தன் கையையே. பசு தன் கன்றை நக்குவது போல அத்தனை பொறுமையாக, அத்தனை கவனமாக. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நானும் பார்த்தேன். பல் முளைக்கிறது, அதனால்தான் என்றேன். இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து வந்த சொற்களில் நான் திரும்ப எடுத்துக்கொள்ள நினைப்பது அவற்றைத்தான்.

கத்திரி வெயில் பிறந்தது. முப்பத்தொன்றாம் நாள் காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பதினோரு மணிக்குக் கண் உள்ளே போயிருந்தது. அழவில்லை. அழாததுதான் பயமாக இருந்தது. தூக்கினால் கழுத்து என் தோளில் விழுந்தது. ஆட்டோவில் தஞ்சாவூர் போகும் வழி முழுக்க மனைவி குழந்தையின் வாயருகே தன் கன்னத்தை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

அங்கே ஓர் இளம் டாக்டரம்மா. ரத்தம் எடுத்து, டிரிப்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாளுடன் வந்தார்.

"ரத்தத்துல உப்பு ரொம்ப எறங்கியிருக்கு. இந்த அளவுல வலிப்பே வந்திருக்கலாம். சாப்பாடு என்ன குடுக்குறீங்க?"

"எல்லாம்தான் டாக்டர்," என்றேன்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் மனைவி என்னிடம். சத்தமாகச் சொல்லவில்லை. பிறகு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டுதல், கவிழ்த்த ஜாடி, மணிக்கொரு தடவை தண்ணீர். அவளுக்குத் தெரியாததை நான் சொன்னேன்: அக்காள் நிலம், நெற்றிக் கோடு. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது நான் செய்தது என்னவென்று. திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நெத்தியில உப்பு எப்பலேர்ந்து? நீங்க உப்ப நிறுத்துறதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

மனைவியிடம் திரும்பினார். "ஏம்மா, முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமா?"

அங்கேதான் அவள் உடைந்தாள். ஓராண்டில் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்.

"உப்பில்லாமச் சாப்பிட்டதுனால மட்டும் ஒரு கொழந்தை இந்த நெலமைக்கு வராதும்மா," என்றார். "இருக்கிற உப்ப ஒடம்பு இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும். இவ ஒடம்புக்குப் பிடிக்கத் தெரியல. வேர்வையோட விட்டுடுது. அது மேல நீங்க வெறும் தண்ணியா வேற குடுத்திருக்கீங்க. ஒடம்பு தேறட்டும், சென்னைக்கு எழுதித் தரேன். அங்க வேர்வைக்கு ஒரு டெஸ்ட் இருக்கு."

சென்னையில் அவள் கையில் இரண்டு சின்னத் தகடுகளைக் கட்டி, உறைக்காத அளவு மின்சாரம் விட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பிளாஸ்டிக்கால் மூடினார்கள். அரை மணி நேரம். தாள் குடித்த வேர்வையில் உப்பு அளந்தார்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று எழுதிக் கொடுத்தார்கள். நானும் மனைவியும் ஆளுக்குப் பாதியாக, எங்களுக்கே தெரியாமல், அவளுக்குக் கொடுத்திருந்தது. நுரையீரலில் சளி பசையாகிவிடும். அந்தப் பசையில் கிருமி குடியேறும். கணையத்திலிருந்து வரவேண்டிய சீரண நீர் வழியடைத்து நின்றுவிடும், அதனால் தின்ற கொழுப்பு உடம்பில் ஒட்டாது. வாய்க்கால் தூர்ந்துவிட்டது என்று என் மனம் உடனே சொன்னது. நீ வாயை மூடு என்றேன் அதனிடம். வயலை வைத்துக் குழந்தையைப் படித்தது போதும்.

அங்கிருந்த உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த தாள் நாங்கள் அதுவரை செய்த எல்லாவற்றுக்கும் நேர் எதிராக இருந்தது. நெய், வெண்ணெய், நல்லெண்ணெய், வேர்க்கடலை, முட்டை, மத்தி மீன். மற்றக் குழந்தைகள் தின்பதைப்போல ஒன்றரை மடங்கு. உப்பு, மற்றவர்களைவிட அதிகமாக. வெயில் நாளில் இன்னும் அதிகமாக. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முன்னால் சீரணத்துக்கான கூடு மாத்திரை. அதைப் பிரித்தால் கடுகைவிடச் சின்ன உருண்டைகள். ஆப்பிளை வேகவைத்து மசித்து அதில் கலந்து கொடுக்க வேண்டும், கடிக்கவிடக் கூடாது, சூடான சோற்றில் போடக் கூடாது. முதல் மாதத்திலேயே ஏழு கிலோவைத் தொட்டாள். கருவாடு என்று யாரும் கூப்பிடுவதில்லை இப்போது.

முப்பத்தொன்றாம் நாள் முறிந்த வேண்டுதல் எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது.

"அவர்தான் காட்டிக் குடுத்தாரு," என்பாள் மனைவி. "உப்ப விடாம இருந்திருந்தா இன்னமும் மாந்தம்னு மருந்து குடுத்துக்கிட்டிருப்போம். எந்த டாக்டரும் நெத்தியப் பத்திக் கேட்டிருக்க மாட்டாங்க."

"கொல்லப் பாத்தது நான்."

"ரெண்டும்தாங்க," என்பாள்.

அந்த 'ரெண்டும்' எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

எடைக்கு வழி கிடைத்தது. கிருமிக்குக் கிடைக்கவில்லை. காலையும் மாலையும், வெறும் வயிற்றில், மடியில் தலைகீழாகச் சாய்த்துப் போட்டு, உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டவேண்டும், சளி இளகி இறங்க. தெருவுக்கே கேட்கும் அந்தச் சத்தம். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலில் வந்து நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, படிச்ச மனுசன்தானே நீ? பொம்பளப் புள்ளைய போட்டு இந்த அடி அடிக்கிற?"

தலைகீழாகக் கிடந்தபடியே என் மகள் பதில் சொன்னாள். "அத்தை, இது அடி இல்ல. சளி எறக்குறாங்க. உங்களுக்குக்கூட இருமல் இருக்குல்ல, வாங்க, அடுத்தது நீங்கதான்."

ஒதுங்கியிருக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று தந்திருந்தார்கள். தேங்கிய தண்ணீர். சேறு. வைக்கோல், அதன் பூஞ்சைக்காக. தூசு. அதைப் படித்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றேன். வடக்கே வாய்க்கால். தெற்கே வயல். எதிரே வைக்கோல் போர். ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் மதகுக்கு வந்து சேரும் நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் குதிக்கும். இவள் மாடியிலிருந்து அவர்களுக்கு மதிப்பெண் போடுவாள், யார் குதித்தபோது எத்தனை உயரம் தண்ணீர் தெறித்தது என்று. என் சட்டையிலோ நெல்லின் சுணை. வீட்டுக்குள் வருமுன் கொல்லைக் குழாயடியில் குளித்து, துணியை அங்கேயே ஊறப்போட்டு, ஈரத் துண்டோடுதான் நுழைவேன். வேலையை விட்டுவிடலாமா என்று எத்தனையோ முறை நினைத்ததுண்டு. விட்டால் அந்த மாத்திரைகளை யார் வாங்குவது?

இத்தனைக்கும் மேல், போன வருஷம், அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, சளிப் பரிசோதனையில் சூடோமோனாஸ் வந்தது. இத்தனை காலமும் டாக்டர்கள் ஒவ்வொரு முறையும் தேடி, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த கிருமி. புதிதாக வந்திருக்கும்போதே விரட்டிவிட வேண்டும். வேர்பிடித்துவிட்டால் பிறகு போகாது, நுரையீரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். இருபத்தெட்டு நாள், தினம் இரண்டு வேளை, ஆவியாக உள்ளிழுக்கும் மருந்து, கூடவே மாத்திரை. அதன் பிறகு மறுபடி பரிசோதனை.

எங்கிருந்து வந்தது என்று வீடு முழுக்கத் தேடினேன். ஆவி பிடிக்கும் மிஷினின் கிண்ணத்தை முகர்ந்தேன். சமையலறைத் துடைதுணியைக் கொளுத்தினேன். போர்வெல் தொட்டியை வறளவிட்டுத் தேய்த்தேன்.

"தேடாதீங்க," என்றார் டாக்டரம்மா. அதே டாக்டரம்மா, இப்போது அவருக்கும் காதோரம் நரைத்திருக்கிறது. "ஈரம் இருக்கிற எடமெல்லாம் அது இருக்கும். நீங்க ஈரம் இல்லாத ஊருக்கா போகப் போறீங்க?"

அந்த இருபத்தெட்டு நாளில் இரண்டு கிலோ இறங்கினாள். மருந்து நாக்கைக் கசப்பாக்கிவிட்டது. மனைவி தட்டோடு பின்னால் திரிவாள், "இன்னும் ரெண்டு வாய் கண்ணு, ரெண்டே வாய்" என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து நின்றாள்.

"ஒரு தடவ கோயிலுக்குப் போயிட்டு வருவோமா? எதுவும் வேண்டிக்க வேணாம். சும்மா பாத்துட்டு."

"நீ போயிட்டு வா."

"உங்களுக்கு அவரு மேல கோவம் இல்ல. உங்க மேலதான். அதக் கொண்டுபோய் அவருகிட்ட எதுக்கு வெக்கிறீங்க?"

அவள் மட்டும் போய் வந்தாள். பிரசாதம் கொண்டுவரவில்லை. எனக்காகத்தான் என்று புரிந்தது.

சளியை மறுபடி கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தோம். புரட்டாசி; குறுவை அறுவடை மும்முரம். மழை வேறு மிரட்டிக்கொண்டிருந்தது. நிலையத்தில் தார்ப்பாய்க்குச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "கிருமி வளர்ச்சி எதுவும் இல்லைங்க," என்றது ஆய்வகத்துக் குரல். "சூடோமோனாஸுமா?" என்றேன். "எதுவும் இல்லைன்னா அதுவும் இல்லதானே சார்." நான் இரண்டு மூட்டைகளைப் பட்டியலில் எழுதாமல் விட்டிருந்தேன். எடை போடும் தொழிலாளி சுட்டிக்காட்டிய பிறகு திருத்தினேன்.

குளித்துவிட்டு உள்ளே போனபோது அவள் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நெய்யில் வறுத்த வேர்க்கடலை ஒரு கிண்ணம், விழுங்கிய மாத்திரையின் காலி அட்டை.

"ரிசல்ட் வந்துடுச்சு. இல்லையாம்."

"போயிடுச்சா?"

"இப்போதைக்கு இல்லன்னு சொல்றாங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாக்கணும்."

"ஆவி பிடிக்கிறது?"

"அது எப்பவும் போலத்தான்."

"தட்டுறது?"

"அதுவும்."

பேனாவை மூடி வைத்தாள். "அப்ப எனக்கு ஒண்ணும் மாறலப்பா. உனக்குத்தான் மாறியிருக்கு."

உள்ளே மனைவி எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. அழுகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது. இருவரும் எழுந்து போகவில்லை.

"எத்தன கிலோ நீ?" என்றாள் மகள்.

"தெரியல. ஏன்?"

"வேலைல அவ்ளோ பெரிய தராசு இருக்குல்ல, ஏறிப் பாக்க மாட்டியா? இந்த மாசம் என்னவிட நீதான் எளச்சிருக்க. சட்டை தொங்குது."

கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாதி தின்றேன். மீதியை அவள் தின்று முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.